சுருளி சாப்பிடாத 163 நாட்கள்

என் வளர்ப்புப் பாம்பு சுருளி கடைசியாக இரை எடுத்த நாளுக்கும் அடுத்த இரைக்கும் நடுவே 163 நாட்கள் போயின. அதில் முதல் 90 நாட்களில் நான் செய்தவை பெரும்பாலும் தவறு. மீதி நாட்களில் நான் செய்தது மிகக் கொஞ்சம். அவன் திரும்பச் சாப்பிட்டது அந்தக் கொஞ்சத்தால்தான் என்று நம்புகிறேன். இப்போது இதே கவலையில் இரவில் தூங்காமல் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சுருளி ஒரு ஆண் பால் பைத்தான் (ball python; 'பால்' என்பது இங்கே பந்து). மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு வகை. பயந்துவிட்டால் தலையை உடம்பின் நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். அந்தப் பழக்கத்தால்தான் இனத்துக்கு அந்தப் பெயர், இவனுக்கு இந்தப் பெயர். கூண்டில் பிறந்து வளர்ந்தவன். என்னிடம் வரும்போது இரண்டு வயது. முதல் ஐந்து மாதம் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, உறையவைத்து இளக்கிய எலியை ஒரே பாய்ச்சலில் கவ்விக்கொண்டான். பாம்பு வளர்ப்பது இவ்வளவு எளிதா என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

அந்த நம்பிக்கையில்தான் அவனுக்குப் பெரிய வீடு கட்டிக்கொடுத்தேன். பழைய பிளாஸ்டிக் பெட்டி இருட்டாக, நெருக்கமாக இருக்கிறதே, பாவம் என்று தோன்றியது. நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே கம்பிவலை மூடி, உள்ளே அழகான அரைமரக் கட்டை ஒன்று, நிறைய வெற்றிடம். அதைக் கூடத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தேன். கடைசி இரை செரித்து நான்கு நாள் கழித்து அவனை அதில் விட்டேன். அடுத்த முறை எலியை நீட்டியபோது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு கட்டைக்கடியில் போய்விட்டான்.

முதல் மறுப்பு யாருக்கும் பெரிதாகத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பிறகுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. அம்மா தினமும் காலையில் கேட்பாள்: "இன்னைக்காவது சாப்பிட்டானா?" இல்லை என்று சொல்லச் சொல்ல, ஏதோ நான் பட்டினி போட்டுக் கொல்வதுபோல இருந்தது. ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே துடித்துப்போகிற மனசு நமக்கு. அதே மனசைப் பாம்பின் மேல் ஏற்றிப் பார்த்தது என் முதல் தவறு.

அதன் பிறகு அவனை நான் விடவே இல்லை. நான்கு நாளைக்கு ஒருமுறை, சில வாரம் மூன்று நாளைக்கு ஒருமுறைகூட எலியை இளக்கி நீட்டினேன். நோட்டுப் புத்தகத்தை இப்போது எண்ணிப் பார்த்தால், அந்தத் தொண்ணூறு நாளில் 21 முறை. எலிக்குப் பதில் சுண்டெலி, வெள்ளைக்குப் பதில் கறுப்பு, பெரியதற்குப் பதில் சின்னது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோய் ஆட்டினேன். உடம்பில் லேசாகத் தட்டினேன். நடுவில், இளைத்திருக்கிறானா என்று பார்க்கத் தினமும் கையில் எடுத்தேன். நாற்பதாவது நாள் வாக்கில் கண் பால்படர்ந்ததுபோல மங்கி, உடம்பு வெளிறி, சட்டை உரிக்கத் தயாரானான். அந்த நாட்களில்கூட விடவில்லை. சட்டை உரிக்கும் முன் பல பாம்புகள் எதையும் தொடாது. பார்வை மங்கியிருக்கும், தொட்டாலே கூசும். அது தெரிந்திருந்தும் எலியை நீட்டினேன், பதற்றம் அப்படி. சட்டை ஒரே துண்டாக வராமல் துண்டு துண்டாகக் கிழிந்து வந்தது. ஈரப்பதம் போதவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. நான் அதைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மறுநாளும் எலியை இளக்கினேன்.

எண்பதாவது நாள் வாக்கில் வாயைத் திறந்து வலுக்கட்டாயமாக ஊட்டிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கினேன். அதைச் செய்துகாட்டும் காணொளிகளை இரவெல்லாம் பார்த்தேன். கை வரவில்லை. அதற்கு இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பதிலாக நான் செய்தது அதைவிடக் கொடியது. உயிருள்ள சுண்டெலி ஒன்றைத் தொட்டிக்குள் விட்டேன். அசைவைப் பார்த்தால் உணர்ச்சி வரும் என்று நினைத்தேன். பத்து நிமிடம் இருவரையும் தனியாக விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவன் பந்தாகச் சுருண்டிருந்தான். சுண்டெலி அவன் வால்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

மூன்று சின்னக் காயங்கள். ஆழமில்லை. ஆனால் பசியில்லாத பாம்பு எலியைத் திருப்பித் தாக்காது, சுருண்டுகொண்டு கடிபடும். கொறிவிலங்கின் பல் எவ்வளவு கூர்மை என்பது நமக்குத் தெரியும். இரவு முழுக்கத் தனியாக விடப்பட்ட எலி, பாம்பின் முதுகெலும்பு தெரியும் அளவுக்குக் கடித்துக் குதறிய சம்பவங்கள் உண்டு. அந்த வடு இன்னும் அவன் வாலருகே மூன்று புள்ளியாக இருக்கிறது. அவனைக் குளிப்பாட்டும் போதெல்லாம் என் விரல் அங்கே போய் நிற்கும்.

அந்தக் காயம்தான் என்னை மருத்துவரிடம் கொண்டுபோனது. ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடித்தேன். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை என்பதால், பாம்பு நன்றாக இருக்கும்போதே அப்படி ஒருவரைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. துணிப்பைக்குள் விட்டு, பையை ஒரு பெட்டியில் வைத்து, குளிராமல் எடுத்துக்கொண்டு போனோம். தம்பி பெட்டியை மடியிலேயே வைத்திருந்தான்.

மருத்துவர் முதலில் அவனைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் மேசைமேல் ஊரவிட்டுப் பார்த்தார். தலை நேராக நிற்கிறதா, புரட்டிப்போட்டால் தானாகத் திரும்பிக்கொள்கிறானா என்று பார்த்தார். பிறகு மெல்லிய தகட்டால் வாயைத் திறந்து உள்ளே பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சீழ், இரத்தப்புள்ளி, நூல்போல இழுபடும் எச்சில் இருக்கக் கூடாது. மூச்சைக் காதுவைத்துக் கேட்டார். வயிற்றை விரலால் தலையிலிருந்து வால்வரை நீவிக் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். செதில் இடுக்கிலும் கண்ணைச் சுற்றியும் உண்ணி தேடினார். நான் கொண்டுபோயிருந்த எச்சத்தைக் குடற்புழு சோதனைக்கு எடுத்துக்கொண்டார். கடைசியில் எடை: 668 கிராம்.

"கடைசியா சாப்பிட்டப்போ எவ்வளவு இருந்தான்?" என்றார். நல்லவேளையாக எழுதிவைத்திருந்தேன். 712.

மனக்கணக்குப் போட்டார். "மூணு மாசத்துல ஆறு சதவீதம். வளர்ந்த ஆண் பைத்தானுக்கு இது பெரிசில்லை. உடம்பைத் தடவிப் பாருங்க, இன்னும் உருண்டையா இருக்கு. முதுகெலும்பு கூரை மாதிரி தூக்கிக்கிட்டு, ரெண்டு பக்கமும் சரிஞ்சு முக்கோணமா ஆனா அப்போ பயப்படணும். பத்து சதவீதத்துக்கு மேல போனா உடனே வாங்க." சொல்லிவிட்டுத் தொட்டியைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். சூடு எவ்வளவு? 32 டிகிரி செல்சியஸ் என்றேன். எதை வைத்து அளந்தீர்கள்? கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்ட முள் மானியில் என்றேன். அது எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது? பாதி உயரத்தில். பாம்பு எங்கே படுக்கிறது? தரையில்.

அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. தன்னிடமிருந்த அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டி, "இது மாதிரி ஒண்ணு வாங்கி, அவன் படுக்கிற இடத்துல அளந்து சொல்லுங்க" என்றார்.

அன்று இரவு தம்பி வெப்பமானியைப் பிடிக்க, நான் எழுதினேன். கட்டைக்கடியில் தரை 27 டிகிரி. எதிர்ப்பக்கம் 23. ஈரப்பதத்துக்கு டிஜிட்டல் மானி வைத்துப் பார்த்தால் 38 சதவீதம். "அக்கா, அவனுக்குக் குளிர்ந்திருக்குமா?" என்று தம்பி கேட்டான். எனக்குப் பேச்சு வரவில்லை.

பாம்பின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. செரிமானத்துக்கு வேண்டிய சூட்டை அது படுத்திருக்கும் இடத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முழு எலியை விழுங்கிவிட்டு உடம்பு குளிர்ந்து கிடந்தால், இரை செரிப்பதற்குள் வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். அப்போது அதைக் கக்கிவிடும். கக்குவது பட்டினியைவிட ஆபத்து. செரிப்பது பாம்புக்கு எவ்வளவு பெரிய வேலை என்பதை அதன் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பர்மிய மலைப்பாம்புக்கு ஒரு பெரிய இரைக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் இதயமே 40 சதவீதம் வரை பெருக்கும் என்று ஆய்வாளர்கள் அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். குடலும் அப்படியே தடிக்கும். வேலை முடிந்ததும் எல்லாம் மறுபடி சுருங்கிவிடும். இத்தனை ஏற்பாட்டுக்கு வேண்டிய சூடு இல்லாத இடத்தில் இருந்துகொண்டு சுருளி வேண்டாம் என்றான். தன் உடம்பைக் காத்துக்கொண்டிருந்தான். நான் 21 முறை அவனோடு மல்லுக்கட்டினேன்.

பட்டினி கிடக்கும் பாம்பு தன் உள்வேலைகளையும் குறைத்துக்கொள்ளும். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பால் பைத்தான் உட்பட மூன்று வகைப் பாம்புகளை ஏறக்குறைய ஆறு மாதம் பட்டினி வைத்துப் பார்த்தார்கள். சில பாம்புகளில் ஆற்றல் செலவு 72 சதவீதம் வரை குறைந்திருந்தது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நாய்க்கோ பூனைக்கோ போடும் கணக்கு இவனுக்குப் பொருந்தாது. நாட்காட்டியைக் கழற்றிவைத்துவிட்டுத் தராசை எடுத்துவைத்தேன்.

பிறகு தொட்டியைச் சரிசெய்யத் தொடங்கினேன். மூன்று நாள் ஆனது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சாப்பிடாத பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் இங்கேதான் கிடைக்கிறது.

தொட்டியைக் கூடத்திலிருந்து என் அறைக்கு மாற்றினேன். பாம்புக்கு நம்மைப்போல வெளிக்காது இல்லை, ஆனால் தரையில் வரும் அதிர்வைத் தாடையெலும்பு வழியாக நன்றாகவே உணரும். கூடத்தில் கதவு அறைவது, நாற்காலி இழுப்பது, ஒலிபெருக்கி அதிர்வது எல்லாமே அவன் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியின் மூன்று பக்கங்களைக் கறுப்பு அட்டையால் மூடினேன். பால் பைத்தான் காட்டில் பகலைக் கழிப்பது கொறிவிலங்குகள் விட்டுப்போன வளைகளிலும் கறையான் புற்றுகளிலும்தான். நாலாபுறமும் வெளிச்சமும் வெட்டவெளியும் அதற்கு வசதி அல்ல, வேட்டையாடப்படும் பயம். அந்த அழகான அரைமரக் கட்டை இரண்டு பக்கமும் திறந்திருந்தது. அதில் அவன் ஒளிந்துகொள்ளவே முடியவில்லை. அதை எடுத்துவிட்டு ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் வைத்தேன். ஒரே வாசல், சுருண்டு படுத்தால் சுவர்கள் எல்லாப் பக்கமும் உடம்பைத் தொடும் அளவு. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றுதான் இருந்தால் பாதுகாப்பா, சூடா என்று அவன் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். அநேகமாகப் பாதுகாப்பையே தேர்ந்தெடுத்துக் குளிரில் கிடப்பான். நடுவில் இருந்த வெற்றிடத்தைச் செயற்கை இலைகள், சுருட்டிய மரப்பட்டைகள் போட்டு அடைத்தேன். ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு மறைந்தே போகலாம்.

சூட்டுத் தகட்டை, சூடு அளவு மீறாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டில் இணைத்து, அதன் உணர்முனையைத் தகட்டின் மேலேயே பொருத்தினேன். தெர்மோஸ்டாட் இல்லாமல் சூட்டுத் தகடு வைக்கக் கூடாது. வயிற்றுக்கு அடியில் சுடுவதைப் பாம்பு நேரத்துக்கு உணர்ந்து விலகாமல் வெந்துபோன கதைகள் நிறைய. தகடு மட்டும் காற்றைச் சூடாக்காது என்பதால் மேலே வெளிச்சம் தராத பீங்கான் சூட்டுவிளக்கு ஒன்றும், அதற்குத் தனித் தெர்மோஸ்டாட்டும் வைத்தேன். அவன் மேலே ஏறி அதைத் தொட முடியாதபடி கம்பிக்கூடு போட்டேன். சூடான பெட்டிக்குள் தரை 32, குளிர்ந்த பக்கம் 26 என்று நிலைக்கும்வரை ஒரு நாள் முழுக்க அளந்துகொண்டே இருந்தேன். கம்பிவலை மூடி சூட்டையும் ஈரத்தையும் மேலே விட்டுக்கொண்டிருந்தது. காற்று போக இடம் விட்டுப் பாதிக்கு மேல் மூடினேன். தரைக்குக் காகிதத்துக்குப் பதில் தேங்காய் நார்த்தூள் நான்கு விரல் ஆழம் போட்டு, மூலைகளில் தண்ணீர் ஊற்றி அடியில் ஈரமும் மேலே காய்ந்தும் இருக்கும்படி வைத்தேன். மேல்பரப்பு சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும். ஈரப்பதம் 60 சதவீதத்தில் நின்றது. பெரிய தண்ணீர்க் கிண்ணம். சாப்பிடாத பாம்பு தண்ணீர் குடிக்கிறதா என்பது சாப்பிடுகிறதா என்பதைவிட முக்கியம். தோல் சுருங்கி, கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்று, எச்சில் பசையானால் நீரிழப்பு என்று அர்த்தம்.

அவனை உள்ளே விட்டேன். துணியால் முன்பக்கத்தையும் மூடினேன். மருத்துவர் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு வாரம் தொடாதீங்க, இரையும் காட்டாதீங்க. தண்ணி மட்டும் மாத்துங்க."

அந்த இரண்டு வாரம்தான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. ஏதாவது செய்துகொண்டே இருந்தால் கவலை கொஞ்சம் அடங்கும். சும்மா இருக்கும்போது அது முழுசாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "பதறாத காரியம் சிதறாதுடி" என்றாள். காலையில் தண்ணீர் மாற்றும்போது மட்டும் மண்ணில் இழுபட்ட தடத்தைப் பார்ப்பேன். நான்காம் நாள் தடம் சூடான பெட்டியிலிருந்து குளிர்ந்த பெட்டிக்குப் போயிருந்தது. இரவில் நடமாடியிருக்கிறான். தொட்டி மாறியபின் முதல்முறையாக. குடற்புழு சோதனை முடிவும் வந்தது, எதுவும் இல்லை.

108-ஆம் நாள் முதல் முறையாக இரை காட்டினேன். இனி ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே குறைந்தது பன்னிரண்டு நாள் என்று முடிவுசெய்திருந்தேன். தயார்செய்யும் முறையையும் மாற்றினேன். முன்பெல்லாம் அவசரமாகச் சுடுநீரில் போட்டு, வெளியே சூடும் உள்ளே பனியுமாகக் கொடுத்திருக்கிறேன். இப்போது முந்தின இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியில், மூடிய தனி டப்பாவில் வைத்து மெல்ல இளக்கினேன். மாலையில் ஜிப் பையில் போட்டு வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம். வயிற்றை அழுத்தினால் கட்டியாக எதுவும் தட்டுப்படக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பு கூடவே கூடாது, ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் உறைந்திருக்கும், வெடிக்கவும் செய்யும். கொடுப்பதற்குச் சற்று முன் துடைத்துக் காயவைத்து, தலைப்பகுதியை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்குவேன். அகச்சிவப்பு வெப்பமானியில் 38, 39 டிகிரி காட்ட வேண்டும். பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாக வெப்பக் குழிகள் உண்டு. இருட்டில் இரையின் உடல்சூட்டை அது அவற்றால்தான் காண்கிறது. ஆறிப்போன எலி அவனுக்கு இரையாகவே தெரியாது. கையால் கொடுக்காமல் நீண்ட இடுக்கியால் கொடுங்கள், உங்கள் கையும் அவனுக்குச் சூடான ஒரு பொருள்தான். முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதை விடாதீர்கள். ஊர்வனவும் எலிகளும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக் கூடியவை.

அன்று அவன் தலையை வெளியே நீட்டினான். நாக்கை மெதுவாக நீட்டி நீட்டி முகர்ந்தான். பிறகு உள்ளே இழுத்துக்கொண்டான். முன்பென்றால் மூக்கில் இடித்திருப்பேன். இப்போது ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். 122-ஆம் நாளும் அதேதான். 134-இல் சட்டை உரித்தான். மூக்கிலிருந்து வால்நுனிவரை ஒரே துண்டு, கண்மூடிச் செதில்கள் இரண்டும் அதிலேயே இருந்தன. அவன் சாப்பிடவில்லை என்றாலும் அந்தச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். இந்த முறை அதைக் குப்பையில் போடவில்லை.

139-இல் மறுப்பு. 151-இல் எலியைப் பெட்டி வாசலில் வைத்துவிட்டு விளக்கணைத்துப் போனேன். இளக்கிய எலியை ஓர் இரவு விட்டுவைப்பதில் ஆபத்தில்லை, காலையில் எடுத்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. காலையில் பார்த்தால் எலி இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது. தொட்டிருக்கிறான், விட்டிருக்கிறான்.

தொடாமல் இருந்த அந்த இரண்டு வாரம் முடிந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் எடை எடுத்தேன். மூடியுள்ள பெட்டியைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, அவனை அதற்குள் விட்டு, எண்ணை எழுதிக்கொண்டு உடனே திருப்பி விட்டுவிடுவேன். வாரத்தில் அவனைத் தொடுவது அந்த இரண்டு நிமிடம்தான். ஒரு வாரம் திடீரென்று 9 கிராம் குறைந்தது. நெஞ்சு திக்கென்றது. மண்ணைக் கிளறினால் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிபோல யூரேட்டும் (பாம்பின் கெட்டியான சிறுநீர்க் கழிவு) மற்றக் கழிவும் இருந்தன. கழித்துவிட்டதால் குறைந்த எடை. அதனால் ஒரு வாரத்து எண்ணைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், நான்கைந்து வாரத்துக் கோட்டைப் பாருங்கள். முதல் 90 நாளில் 44 கிராம் இழந்தவன், அடுத்த 68 நாளில் இழந்தது 13 கிராம்தான். 158-ஆம் நாள் 655. தினமும் தொட்டு, ஆட்டி, பயமுறுத்தியதற்கு அவன் கொடுத்த விலை அந்த வித்தியாசத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

163. இரவு பத்தரை. மழைக்கு முந்தின புழுக்கம். அறை விளக்கை அணைத்துவிட்டு நடைவழி வெளிச்சத்தில் 34 கிராம் எலியை எடுத்துப்போனேன். நீண்ட பட்டினிக்குப் பிறகு முதல் இரை சிறியதாக இருக்க வேண்டும் என்பதால் வழக்கத்தில் பாதி அளவு. அவன் தலை பெட்டி வாசலில் இருந்தது. கழுத்து எஸ் எழுத்தாக மடிந்திருந்தது. நாக்கு வேகமாக வந்து போனது. எலியை வாசலுக்கு ஓரடி தள்ளிப் பிடித்து, தரையோடு மெல்ல இழுத்தேன். ஓர் அங்குலம், நிறுத்தம். ஓர் அங்குலம், நிறுத்தம்.

பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. இடுக்கி அதிர்ந்ததுதான் தெரிந்தது. அடுத்த நொடி எலியைச் சுற்றி மூன்று சுற்று இறுகியிருந்தான். நான் இடுக்கியை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை, மூச்சும் விடவில்லை. பத்து நிமிடம் கழித்துச் சுற்றைத் தளர்த்தி, மூக்கால் தேடித் தலையைக் கண்டுபிடித்து, விழுங்கத் தொடங்கினான். வால்நுனி உள்ளே போனதும் இரண்டு முறை வாயை அகலத் திறந்து தாடையைச் சரிசெய்துகொண்டான். நான் துணியை மூடிவிட்டு அம்மாவின் அறைக்கு ஓடினேன். தூக்கத்திலிருந்து எழுந்தவள் விளக்கைக்கூடப் போடவில்லை. "சாப்பிட்டானா?" என்றாள்.

அடுத்த இரண்டு நாள் தொடவில்லை. செரிக்கும்போது தூக்கினால் கக்கிவிடக்கூடும். அடுத்த இரையைப் பதினான்கு நாள் கழித்து 40 கிராமில் கொடுத்தேன், எடுத்துக்கொண்டான்.

சூடா, ஈரப்பதமா, ஒளிவிடமா, அதிர்வா, எது அவனை நிறுத்தியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆண் பைத்தான்கள் இனச்சேர்க்கைக் காலத்தில் தாமாகவே மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பதுண்டு, அதுவும் சேர்ந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றியதால் எதற்குப் பலன் என்று தெரியாமல் போனது. ஆனாலும் 27 டிகிரி தரையில் படுத்த பாம்பை, ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்துப் பார்க்க மனசு வந்திருக்காது.

என் அனுபவத்தை அப்படியே எல்லாப் பாம்புக்கும் பொருத்திவிடாதீர்கள். நான் காத்திருக்க முடிந்தது, சுருளி வளர்ந்தவன், சதைப்பிடிப்போடு இருந்தான், மருத்துவர் பார்த்திருந்தார். முட்டையிலிருந்து வந்து முதல் இரையையே எடுக்காத குட்டிக்கு இவ்வளவு சேமிப்பு கிடையாது. அதற்கு வாரங்களே அதிகம். எப்போதும் ஆவலாகச் சாப்பிடும் கார்ன் பாம்பு (corn snake, பலர் வளர்க்கும் இன்னொரு வகை) திடீரென்று நிறுத்தினால் பைத்தானைவிட விரைவாகக் காரணம் தேடுங்கள். காட்டிலிருந்து பிடித்துவந்த பாம்பு சாப்பிடாததற்குப் பயமும் ஒட்டுண்ணியும் காரணமாக இருக்கும், எச்சச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். அப்படிப் பிடித்துவந்ததை வாங்காமலே இருப்பது எல்லோருக்கும் நல்லது. வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, மூச்சில் சீழ்க்கை, வாயில் சீழ், விழுங்கியதைக் கக்குவது, தலை காரணமில்லாமல் மேல்நோக்கித் திரும்பி நிற்பது, உடம்பில் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். கக்கிய பாம்புக்கு மறுநாளே இரை கொடுக்காதீர்கள்; குடல் ஆற இரண்டு வாரமாவது வேண்டும், பிறகும் சிறிய இரைதான்.

வாயைத் திறந்து ஊட்டுவது பற்றி ஒரு வார்த்தை. அது மருத்துவர் செய்வது, அல்லது மருத்துவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துச் செய்வது. பல் உடையும், உணவுக்குழாய் கிழியும், அதற்கும் மேலே, இரை என்றாலே பயம் என்று பாம்புக்கு ஆகிவிடும். எண்பதாவது நாள் இரவில் என் கை தயங்கியதை நினைத்தால் இன்றும் உடம்பு ஒருமுறை நடுங்குகிறது.

அந்த 163-க்குப் பிறகு இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது சுருளி மறுபடி ஆறு வாரமாகச் சாப்பிடவில்லை. இரவில் பெட்டியை விட்டு வெளியே வந்து மூலைமூலையாகச் சுற்றுகிறான், போன வருடமும் இதே பருவத்தில் இப்படித்தான் செய்தான். தரை 32, ஈரப்பதம் 62. கடைசி எடை 814 கிராம், அதற்கு முந்தின வாரம் 816. அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள், நோட்டுப் புத்தகத்தை அவளே எடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். நாளை ஞாயிறு, எடை எடுக்க வேண்டும். எலி உறைபெட்டியிலேயே இருக்கட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்.